அஞ்சலை ஆண்ட்டியின் கால் இறங்கிய கார்

"அந்தப் பட்டறையில காடிக்கு அடியில ஒரு பொண்ணு படுத்துக் கெடக்குதாம்லா. ஜாக்கு வழுக்கி மேல விழுந்தா யாரு பதில் சொல்றது?"

சிரம்பான் தெமியாங்கில் எங்கள் பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் தே ஓ என்னும் பால் கலக்காத தேநீர் வாங்கப் போனபோது, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் தன் நண்பரிடம் இப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண் நான்தான். கட்டிக் கொடுத்த பானத்தை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, அவர் 'காடி' என்று சொன்ன அந்தக் காரைத் தாங்கி நின்ற நான்கு முட்டுகளையும் ஒருமுறை உதைத்துப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை.

பழைய கார்களின் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு போடுவது பயந்துகொண்டே செய்கிற வேலை. வெளியே இருபது காசு அளவுக்குத் தெரியும் துரு, உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும். பழைய கார் வைத்திருக்கும் உங்களுக்கு இது புரியும். பேச வேண்டிய நேரத்தில் வாய் திறக்காமல் வீட்டுக்குப் போய் வருத்தப்படுகிறவர்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும். இரண்டு வியாதியும் உள்ளவர் யாராவது இருந்தால், வாருங்கள், என் பக்கத்தில் இடம் இருக்கிறது.

நான் படித்தது இயந்திரப் பொறியியல். தொழிற்சாலைகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வரும்வரை மூன்று மாதம் என்று குணா அண்ணனின் பட்டறையில் சேர்ந்தேன். குணா அண்ணன் சாயம் அடிப்பதில் கெட்டிக்காரர். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மெல்லிய தகட்டில் வெல்டிங் பிடிக்க அவருக்குச் சிரமமாகிவிட்டது. என் கை நடுங்காது, குரல்தான் நடுங்கும். அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. இப்போது இரண்டாவது வருடம் நடக்கிறது.

கால் இறங்கிய விதம்

ராமையா அங்கிள் புக்கிட் பெலண்டோக்கில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய மோரிஸ் மைனர் வெளிர்பச்சை நிறம். ஒரு காலத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி ஓட்டிய கார். கிராணி ஊரை விட்டுப் போனபோது அங்கிள் வாங்கியிருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை மனைவி அஞ்சலை ஆண்ட்டியோடு கோவிலுக்குப் போகும்போது ரோட்டில் ஒரு மேடு வந்திருக்கிறது. கார் குதித்ததில் ஆண்ட்டி காலை அழுத்தி ஊன்ற, கால் விரிப்பைக் கிழித்து, தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. செருப்பு ரோட்டோடு போய்விட்டது. நல்லவேளை, அங்கிள் மெதுவாகத்தான் போயிருக்கிறார். ஆண்ட்டி கணுக்காலில் ஒரு கீறலோடு தப்பினார். மிச்ச தூரத்தை இரண்டு காலையும் இருக்கையின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு, ஓட்டை வழியாக ரோடு ஓடுவதைப் பார்த்தபடி போனாராம். திரும்பி வந்தது பக்கத்து வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளில். அன்றிலிருந்து அந்தக் காரில் அவர் ஏறவில்லை.

ஏழு வாரத்தில் இளைய மகளுக்குச் சிரம்பானில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மண்டபத்துக்கு இருவரும் இந்தக் காரில்தான் போய் இறங்க வேண்டும் என்பது அங்கிளின் ஆசை. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் ஏற்கெனவே இரண்டு முறை வந்து காரை விலைக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். இதையெல்லாம் சொல்லிவிட்டு, சாவியை என் மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார் அங்கிள்.

"அவ ஏறுனா காடி என்கிட்ட இருக்கும் மா. ஏறலன்னா கோலாலம்பூர்க்காரன் வந்து எடுத்துட்டுப் போவட்டும். அவள வீட்ல உட்டுட்டு நான் மட்டும் ஓட்டி என்னா செய்ய?"

திருப்புளி போகும் தூரம்

துருவை முதலில் காதால்தான் பார்ப்போம். காருக்கு அடியில் படுத்து, திருப்புளியின் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று பேசும். கெட்டது, ஈர அட்டைப்பெட்டியைத் தட்டியது போலத் தொப்பென்று பேசும். அங்கிளின் கார் பெரும்பாலும் ஈர அட்டைப்பெட்டியாக இருந்தது. ஓட்டுநர் பக்கம் ஓரளவு பரவாயில்லை. ஆண்ட்டி உட்காரும் பக்கத்தில் திருப்புளியின் முனையை லேசாகத்தான் வைத்தேன், பிடிவரைக்கும் போய்விட்டது. பக்கத்தில் பெரிய ஒட்டுப் போட்டிருந்த இடத்தைச் சுரண்டினால், தகடே இல்லை. யாரோ எப்போதோ மலாய் நாளிதழைச் சுருட்டி அடைத்து, மேலே புட்டி பூசி, தார் அடித்திருந்தார்கள். தாளில் ஒரு குளிர்சாதனப் பெட்டி விளம்பரம் இன்னும் வாசிக்கிற நிலையில் இருந்தது. அந்த ஒட்டில் நேர்மையாக இருந்தது அந்த விளம்பரம் மட்டும்தான்.

அங்கிள் பக்கத்திலேயே நின்றார். நாங்கள் ஒன்றும் கேட்காமலே, "எல்லாம் என் தப்புத்தான் மா. வாரா வாரம் ரப்பர் குழாய உள்ள உட்டுக் கழுவுவேன். தண்ணி நின்னுருக்கும்," என்றார். பத்து நிமிடம் கழித்து அதையே மறுபடியும் சொன்னார். அவர் போன பிறகு குணா அண்ணன் குனிந்து இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணின்னா ரெண்டு பக்கமும் சமமா தின்னும். இது ஒரே எடத்துல உக்காந்து தின்னுருக்கு. அந்த மனுஷன் பொய் சொல்றாரு, ஏன்னுதான் தெரியல."

சிவப்புத் துணி

மறுநாள் நான் தனியாக இருக்கைகளைக் கழற்றினேன். ஆண்ட்டி பக்கத்து ரப்பர் விரிப்பைத் தூக்கியபோது, அதன் அடியில் இருந்த கம்பளத்தின் கீழே சின்னச் சின்ன முடிச்சுகள் கிடந்தன. பாக்கு அளவுக்கு, சிவப்புத் துணியில் கட்டியவை. பதினொன்று வரை எண்ண முடிந்தது. மற்றவை மட்கித் துருவோடு கலந்துபோயிருந்தன. ஒன்றைப் பிரித்தேன். உள்ளே ஈரம் சொட்டும் கல்லுப்பும் ஒரு காய்ந்த மிளகாயும்.

உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கண் பட்டுவிடக்கூடாது என்று உப்பைச் சுற்றித் தண்ணீரில் கரைப்பதை நம் வீட்டில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். இதை வைத்தவர் கரைக்கவில்லை, கட்டி உள்ளேயே வைத்துவிட்டார். காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் உப்பு இழுத்துக்கொள்ளும். மேலே ரப்பர் மூடியிருந்ததால் அந்த ஈரம் வெளியேறவும் வழியில்லை. உப்பு நீர் தகட்டின் மேல் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது, சரியாக ஆண்ட்டியின் பாதம் படும் இடத்தில்.

வைத்தவர் ஆண்ட்டிதான் என்று யோசிக்காமலே தெரிந்தது. அங்கிளிடம் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? சொல்லாவிட்டால், போடப்போகிற புதுத் தரைக்கு என்ன நடக்கும்? முடிச்சுகளை ஒரு காலி மைலோ டின்னில் போட்டுச் சாமான் பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். குணா அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து என்ன கிடைத்தது என்று கேட்டார். பழைய துணி என்றேன்.

"பழைய காடின்னா பழைய துணிதான் இருக்கும். தங்கம் கெடச்சா மட்டும் கூப்புடு லா."

பக்கத்தில் வாளி

வெட்டுகிற நாள் வந்தது. பெட்ரோல் தொட்டியைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்தாயிற்று. பேட்டரி இல்லை. பிரேக் குழாய்களுக்கு ஈரச் சாக்கு போர்த்தினேன். தண்ணீர் வாளி ஒன்று, மணல் வாளி ஒன்று. இவ்வளவும் சரியாக இருக்கிறதா என்று ஐந்து முறை பார்த்தேன். ஆறாவது முறை பார்க்க எழுந்தபோது குணா அண்ணன் முறைத்ததால் உட்கார்ந்துவிட்டேன்.

கிரைண்டர் தகட்டைத் தொட்டதும் பொறி பறந்தது. பாதித் தூரம் வெட்டியிருப்பேன். சத்தம் குறைக்கக் கதவுக்குள் ஒட்டியிருந்த தார் அட்டையில் ஒரு பொறி விழுந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. முகக்கவசத்துக்குள் வேறொரு மணம் வந்த பிறகுதான் திரும்பினேன். ஒரு சாண் உயரத்துக்கு நெருப்பு. கத்த வேண்டும் என்று தெரிகிறது. விரலால் சுட்டிக்காட்டினேன், வகுப்பில் கரும்பலகையைக் காட்டுவது போல. குணா அண்ணன் ஒரே எட்டில் வந்து, கையிலிருந்த தே தாரிக் பால் தேநீரை நெருப்பின் மேல் ஊற்றி, மிச்சத்தைச் சாக்கால் அடித்து அணைத்தார். இரண்டு வாளியும் நான் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. புகை அடங்கியதும் காலிக் கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, நெருப்புன்னா மூணே எழுத்துக் கத்துனா போதும், 'அண்ணே'ன்னு. நான் ஓடி வந்துருவேன். இப்ப போயி இன்னொரு தே தாரிக் வாங்கிட்டு வா."

மூடாத கதவு

மோரிஸ் மைனருக்குக் கீழே தனிச் சட்டம் கிடையாது. தரையும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற விளிம்பும்தான் காரின் முதுகெலும்பு. அந்த விளிம்பை வெட்டுவதற்கு முன், கதவுத் திறப்பில் இரண்டு தூணுக்கும் நடுவே ஓர் இரும்புக் கோணத்தை வைத்து வெல்டிங் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும். இது என் குறிப்புப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது, அடிக்கோடு போட்டு.

வெல்டிங் பிடிக்க வேண்டிய இரும்புக் கோணம் சுவரில் சாய்ந்திருந்தது. குணா அண்ணனுக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே என்னிடம், "நீ மேல வேலையப் பாரு," என்று கையைக் காட்டிவிட்டு வெளியே போனார். அந்தக் கோணம் வேண்டாம் என்று அவர் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருட அனுபவம் உள்ளவரிடம், "அண்ணே, இதை மறந்துட்டீங்க," என்று எப்படிச் சொல்வது? நான் வெட்டினேன். அடுத்த மூன்று நாளில் புது விளிம்பையும் புதுத் தரையையும் பொருத்தி, அங்கங்கே புள்ளி வைத்து ஒட்டினேன். வெல்டிங் நன்றாகவே வந்திருந்தது. பிறகு கதவை மாட்டி மூடினேன். மூடவில்லை. பூட்டு, பொருந்த வேண்டிய இடத்துக்குச் சுண்டுவிரல் அகலம் கீழே, தூணில் போய் இடித்தது.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்றரை வாரம். ஒட்டியதையெல்லாம் பிரித்து, நடுவில் ஜாக் கொடுத்துத் தூக்கி, இரும்புக் கோணத்தைப் பிடித்து, மறுபடியும் முதலிலிருந்து. எட்டு நாள் போனது. அந்த எட்டு நாளும் அங்கிள் தினமும் போன் செய்து, "அவசரமில்ல மா," என்றார். அவசரம் இல்லாதவர் தினமும் போன் செய்ய மாட்டார். கடைசியில், கோணம் இல்லாமல் வெட்டக்கூடாது என்று எனக்கு முன்பே தெரியும் என்பதைக் குணா அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"மறந்தது நானு, பாத்தது நீயி. ஒனக்கு வாய் இருக்கில்ல? நாளைக்கு வேலைக்கு வரும்போது அதையும் எடுத்துட்டு வா."

ஆண்ட்டி வந்த மதியம்

ஆண்ட்டி வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சிரம்பான் மருத்துவமனைக்கு வந்தவர், அங்கிளுக்குச் சொல்லாமல் பட்டறைக்கு வந்திருந்தார். குணா அண்ணன் சாயம் வாங்கப் போயிருந்தார். ஒல்லியான உருவம், கையில் குடை. காரைப் பார்க்காமல், கழற்றிப் போட்ட விரிப்புகள் கிடந்த மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீதானா மா அடியில படுத்து வேல செய்யிற புள்ள? சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் ஆண்ட்டி."

"அந்த விரிப்புக்கு அடியில..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நான் போய் மைலோ டின்னை எடுத்து வந்து திறந்து காட்டினேன். இருவரும் டின்னுக்குள் எட்டிப் பார்த்தோம். வாயை எடுத்து வந்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. பிறகு ஒரே மூச்சில் சொன்னேன்: "ஆண்ட்டி, இதுதான் தரையத் தின்னுச்சு. உப்பு ஈரத்த இழுக்கும். ஈரம் தகட்ட அரிச்சிரும். புதுசுலயும் வெச்சீங்கன்னா அதுவும் போயிரும்."

ஆண்ட்டி ஒரு முடிச்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் அங்கிளின் லாரி தோட்டத்துச் சரிவில் புரண்டதாம். பழக்குலைகள் எல்லாம் பள்ளத்தில் உருண்டன. அங்கிள் ஒரு கீறல்கூட இல்லாமல் ஜன்னல் வழியாக ஏறி வந்தாராம். அன்று காலையில்தான் ஆண்ட்டி லாரி இருக்கைக்கு அடியில் முதல் முடிச்சை வைத்திருக்கிறார். அங்கிளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, பார்த்தால் சிரிப்பார் என்று ஒளித்துத்தான் வைத்தார். லாரிக்குப் பிறகு கார். அமாவாசைக்கு அமாவாசை புதிது வைப்பார். பழையதை எடுக்க மாட்டார். எடுத்தால் காவல் போய்விடுமோ என்று பயம்.

"அப்ப அவரு காடிய இத்தன வருசமா நான்தான் தின்னுக்கிட்டு இருந்தேனா?" என்றார். டின்னை மூடி அவர் கையில் கொடுத்தேன். அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பினார்.

"அவருகிட்ட சொல்லிராத மா. ஆனா உப்பு இல்லாம அந்தக் காடியில நான் ஏறவும் மாட்டேன், அவர ஏற உடவும் மாட்டேன்."

ஏறி நின்று காட்டு

துரு வேலையில் கடைசி நாள்தான் அதிகப் பயம். அன்றைக்குத்தான் நாம் செய்ததை மற்றவர்கள் மிதித்துப் பார்ப்பார்கள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருந்தது. தரை முழுக்கத் துத்தநாகப் பூச்சு, அதன் மேல் சாயம், அடியில் தார். கதவு ஒரு விரலால் இழுத்தால் மூடிக்கொண்டது. காலையிலிருந்து எத்தனை முறை இழுத்துப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். அங்கிளும் ஆண்ட்டியும் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். ஆண்ட்டி தன் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். அதன் வாய் ஓரத்தில் சிவப்புத் துணி நுனி தெரிந்தது.

"யாரு வெல்டிங் புடிச்சாங்களோ அவங்க மொதல்ல ஏறி நிக்கணும். பட்டறைச் சட்டம்," என்றார் குணா அண்ணன். அப்படி ஒரு சட்டத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. இருக்கை போடாத ஆண்ட்டி பக்கத்தில் ஏறி, கூரையில் தலை இடிக்கக் குனிந்து நின்றேன். "குதி," என்றார். குதித்தேன். தரை கணீரென்றது. இன்னொரு முறை குதித்தேன். அங்கிளும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று, குதிகாலால் அழுத்திப் பார்த்தார். பிறகு இருக்கையைப் பூட்டினோம். குணா அண்ணன் நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனார்.

ஆண்ட்டி நகரவில்லை. அங்கிள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"இனிமே உள்ள கழுவ மாட்டேன் மா, என் தப்புத்தான்," என்றார் என்னிடம், இதோடு எத்தனையாவது முறையோ. நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "உள்ள ஈரமா எதுவும் இருக்கக் கூடாது அங்கிள். எதுவுமே," என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, தான் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு காலி ஊறுகாய் போத்தலை எடுத்தார். கழுவித் துடைத்த கண்ணாடிப் போத்தல். மூடியைத் திருகிக் கழற்றி, போத்தலை ஆண்ட்டியிடம் நீட்டினார்.

"மூடி எறுக்கமா இருக்கு. ஈரம் போவாது. இதுல போட்டு வை."

ஆண்ட்டி போத்தலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீ லாரி சீட்டுல மொத தடவ வெச்சியே, அப்பவே."

ஆண்ட்டி கைப்பையிலிருந்து முடிச்சை எடுத்துப் போத்தலில் போட்டு, மூடியை அவர் கையிலிருந்து வாங்கி இறுக்கித் திருகி, இருக்கைக்கு அடியில் வைத்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காரில் ஏறி, இரண்டு பாதத்தையும் தரையில் ஊன்றி உட்கார்ந்து, ஒரு விரலால் கதவை இழுத்து மூடினார்.